தோளில் கழுகுச் சின்னம்: அது ஜெர்மன் கழுகு இல்லை

இரண்டாம் உலகப் போர்க்கால ஆல்பத்தில் உங்கள் தாத்தா தோளில் கழுகுச் சின்னம் இருக்கிறது, பாலைவனமும் டாங்கியும் உள்ள படங்களும் இருக்கின்றன, அவர் ஜெர்மன் படையில் இருந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். அவர் தோளில் இருப்பது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 4வது டிவிஷன் சின்னம், கறுப்புச் சதுரத்தில் பறக்கும் சிவப்புக் கழுகு. அதனால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். ஜெர்மன் ராணுவத்தில் கழுகு மார்பின் வலப்பக்கம், காலில் ஸ்வஸ்திகாவோடு இருக்கும். ஜெர்மனியில் சுபாஷ் சந்திர போஸ் திரட்டிய இந்தியப் படைக்குச் சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம்.

பாலைவனமும் டாங்கியும் இதோடு பொருந்துகின்றன. எகிப்து, லிபியா, துனிசியா, 1944இல் இத்தாலியின் கசினோ ஊர் என்று பல இடங்களில் போரிட்ட டிவிஷன் அது. கூடவே மதராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) கம்பெனி ஒன்றும் இருந்தது, தாத்தா வேலூர் பக்கம் கணியம்பாடிக்காரர் என்கிறீர்கள், அதனால் என் ஊகம் சாப்பர்ஸ்தான்.

இப்போது படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கவே வேண்டாம், தயவுசெய்து. தனியாக இருப்பதைத் திருப்பி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய பென்சில் எழுத்தும் ஸ்டூடியோ முத்திரையும் தெரியும். கெய்ரோ முத்திரை இருந்தால் அநேகமாக லீவில் எடுத்த படம். 'லியோனார்' என்று அச்சிருந்தால் ஜெர்மன் தாள், 'ஃபெர்ரானியா' என்றால் இத்தாலியத் தாள். அவை கைதிகளிடமிருந்தோ கைவிட்ட முகாமிலிருந்தோ வந்திருக்கலாம்.

ஒன்று, எல்லாப் படத்திலும் உள்ள இடங்களுக்கு அவர் போனார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிப்பாய்கள் படங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள், கடையிலும் வாங்குவார்கள்.

உறுதியாகத் தெரிய அவருடைய படை எண் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகமோ பென்ஷன் தாளோ இருக்கிறதா என்று பாட்டியிடம் கேளுங்கள், கிடைத்தால் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். சாப்பர்ஸ் என்று உறுதியானால் அப்புறம் பெங்களூரில் உள்ள அந்தப் படையின் மையத்துக்கு எழுதலாம்.