குதிரைக்கு நிலம் விடும்போது: குத்தகையா, லைசென்ஸா?

இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஓய்வு பெற்றபின் கிராமத்துப் பக்கம் வீடு வாங்கினோம். கூடவே ஆறு ஏக்கர் புல்வெளி, நாலு குதிரை கட்டும் பழைய லாயம், மணல் போட்ட பயிற்சித் திடல் எல்லாம் வந்துவிட்டன. எங்களுக்குக் குதிரை என்றாலே பயம். இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மா தன் இரண்டு குதிரைகளைப் பின்பக்க வயலில், நாலு ஏக்கரில், மேய விட வேண்டும் என்கிறார். குதிரையேற்றம் கற்றுத்தரும் ஒரு பெண், லாயத்தையும் திடலையும் மூன்று வருடத்துக்குக் கேட்கிறார்; வேலியைத் தன் செலவிலேயே போட்டுக்கொள்வாராம். தலைப்பில் 'லைசென்ஸ்' என்று போட்டு 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டால் பிற்பாடு வம்பு வராது என்கிறார் நண்பர். அப்படியே செய்யலாமா?"

செய்ய வேண்டாம். நண்பர் சொன்னதில் இரண்டு பாதியும் தவறு.

முதலில் தலைப்பு. லைசென்ஸ் என்பது இடத்தைப் பயன்படுத்த வெறும் அனுமதி; குத்தகை என்பது இடத்தின் மீதே ஓர் உரிமை. 1985இல் பிரபுக்கள் சபை (அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான்) தீர்ப்பளித்த 'ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட்' வழக்கில் இந்தக் கேள்விதான் வந்தது. வாரம் 37 பவுண்டுக்கு இரண்டு அறைகள். தாளில் லைசென்ஸ் என்று எழுதி, இது குத்தகை இல்லை என்று குடியிருந்தவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறரை உள்ளே விடாமல் வைத்துக்கொள்ளும் முழு அனுபோகம், ஒரு காலவரை, அதற்கு வாடகை, இவை இருந்தால் அது குத்தகைதான் என்றது. ஐந்து முனை வைத்து மண் கிளறும் கருவியைச் செய்துவிட்டு 'மண்வெட்டி செய்தேன்' என்று ஒருவர் சாதித்தாலும் அது முள்கருவிதான் என்றார் நீதிபதி டெம்பிள்மன் பிரபு. அது வீட்டு அறை வழக்கு என்றாலும், புல்வெளிக்கும் இதே சோதனைதான்.

உங்கள் வயலில் இதைக் கேட்டின் பூட்டை வைத்துப் பார்த்துவிடலாம். சாவி அந்த அம்மாவிடம் மட்டும் இருந்து, நீங்கள் உள்ளே போக அவரைக் கேட்க வேண்டியிருந்தால் அது குத்தகை. உண்மையான லைசென்ஸ் என்றால் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். குதிரைகளை வேறு பக்கத்துக்கு மாற்றச் சொல்லலாம், குளிர்காலத்தில் ஒரு விவசாயியின் செம்மறிகளையும் அதே வயலில் விடலாம் (குதிரைக் குடற்புழுவைக் குறைக்க அது நல்ல வழியும்கூட). பதிலுக்கு நிலத்தைப் பராமரிப்பது உங்கள் தலையில். வளர்ந்த புல்லை வெட்டிவிடுவது, வேலியோரச் செடிகளைக் கழிப்பது, தண்ணீர்த் தொட்டியின் மிதவை பழுதானால் பார்ப்பது, கோடையில் மஞ்சள் பூ பூக்கும் ராக்வொர்ட்டை வேரோடு பிடுங்குவது என்று வேலை நீளும். அந்தச் செடி குதிரையின் ஈரலைக் கெடுக்கும் விஷம். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் குதிரையால் ஒதுக்கவும் முடியாது. இதற்கெல்லாம் நீங்கள் தயார் என்றால் லைசென்ஸ் எழுதலாம். குதிரையைக் கண்டாலே பயம் என்பவர் எழுதும் லைசென்ஸ் வெறும் தாளாகத்தான் போகும்.

அதனால் என் கருத்து: இருவருக்குமே குத்தகை எழுதுங்கள். ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் குத்தகை இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா விஷயம் எளிது. பொழுதுபோக்குக்காகச் சொந்தக் குதிரை வைத்திருப்பவர் வணிகமும் செய்யவில்லை, விவசாயத்தைத் தொழிலாகவும் செய்யவில்லை. எனவே குத்தகைதாரருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டங்கள் எதுவும் அவருக்கு வராது. காலம் முடிந்ததும் நிலம் உங்களுக்குத் திரும்பிவிடும். ஒரு வருடத்துக்கு எழுதி, 'சொந்தக் குதிரைகள் மட்டும், அதிகபட்சம் இரண்டு, எந்த வணிகமும் கூடாது' என்று போடுங்கள். குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் என்பது பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் கணக்கு. இரண்டுக்கு உங்கள் நாலு ஏக்கர் தாராளம். ஆனால் மூன்றாவது குதிரை ஒன்று எப்படியும் வந்து சேரும், பெரும்பாலும் 'தோழியுடையது, கொஞ்ச நாளைக்குத்தான்' என்ற பெயரில். அந்தத் தோழி மாதாமாதம் பணம் கொடுக்கிறார் என்றால் அது லிவரி, அதாவது வணிகம். பொதுவாக வணிகமே கூடாது என்று ஒப்பந்தம் தடுத்திருந்தால், அதை மீறி நடத்துபவருக்கு 1954ஆம் ஆண்டு வணிகக் குத்தகைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. தெரிந்தும் நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் கதை மாறும். பார்த்த அன்றே எழுத்தில் ஆட்சேபம் சொல்லிவிடுங்கள்.

கவனம் முழுக்க வேண்டியது பயிற்சியாளர் விஷயத்தில். கட்டணம் வாங்கிக் கற்றுத்தருவது வணிகம். லாயமும் திடலும் சேர்ந்த இடத்தை விவசாய நிலம் என்று சொல்ல முடியாது. குதிரை வெறுமனே புல் மேய்ந்தால் அது விவசாயப் பயன்பாடு. லாயத்தில் கட்டித் தீனி போட்டு ஓட்டப் பழக்கினால் அப்படி இல்லை. ஆகவே 1995ஆம் ஆண்டு விவசாயக் குத்தகைச் சட்டம் இங்கே உதவாது. செம்மறி வளர்ப்பவர் ஒருவர் வணிகமாக வயலைக் கேட்டிருந்தால் அந்த வழியில் போயிருக்கலாம். இவருக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் வணிகக் குத்தகைச் சட்டம். அதன்படி மூன்று வருடம் முடிந்தாலும் அவர் எழுந்து போகத் தேவையில்லை. புதுக் குத்தகை கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. நீங்கள் மறுக்க வேண்டுமானால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். 'எனக்கே வேண்டும்' என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் வணிகக் குத்தகைதாரர் ஏற்கெனவே இருக்கும் இடத்தை வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர் அதைச் சொல்ல முடியாது. காலியாக வாங்கிப் பிறகு நீங்களே குத்தகைக்கு விட்டால் இந்தத் தடை இல்லை.

இதற்கு நேர்வழியே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று இருவரும் முன்கூட்டியே விலக்கி எழுதிக்கொள்ளலாம். சட்டம் வகுத்த படிவத்தில் நீங்கள் அவருக்கு ஓர் எச்சரிக்கை அறிவிப்பு கொடுக்க வேண்டும். புரிந்து ஏற்கிறேன் என்று அவர் உறுதிமொழி தர வேண்டும். இரண்டையும் குத்தகையில் குறிப்பிட வேண்டும். அறிவிப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே 14 நாள் இடைவெளி இருந்தால் சாதாரண உறுதிமொழி போதும். இல்லையென்றால் வழக்கறிஞர் முன்னால் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். காலம் குறித்த குத்தகைக்கே இது செல்லும். மாதாமாதம் ஓடும் ஏற்பாட்டுக்குச் செல்லாது.

பலரும் கோட்டை விடுவது வரிசையில்தான். 'தாள் வரும்போது வரட்டும், நீங்கள் குதிரைகளைக் கொண்டுவாங்க' என்று நல்ல மனதோடு சொல்லிவிடுவார்கள். மாத வாடகை இரண்டு வாங்கியதும், விலக்கு எதுவும் இல்லாத ஒரு வாய்மொழிக் குத்தகை அங்கே பிறந்திருக்கும். முதல் குதிரை வண்டியிலிருந்து இறங்கும் முன் எல்லாக் கையெழுத்தும் முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் வருடக் கடைசியிலும் இதே கவனம் வேண்டும். தேதி தாண்டியபின் வாடகையை வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

அப்புறம் அந்த 11 மாதம். அது நம் ஊர்ப் பழக்கம். ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908ஆம் ஆண்டு இந்தியப் பதிவுச் சட்டத்தைச் சுற்றி வந்தது. இங்கே நிலப் பதிவகத்துக்குப் போக வேண்டியது ஏழு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைதான். வணிகக் குத்தகையில் குறுகிய காலத்துக்குச் சட்டம் தரும் சலுகை ஆறு மாதம் வரை. அதையும் திரும்பத் திரும்பப் போட்டு, அவர் இருந்த காலம் 12 மாதத்தைத் தாண்டினால் பாதுகாப்பு வந்துவிடும். 11 மாதம் என்பது இங்கே எந்தக் கணக்கிலும் சேராது.

வரிக்காக லைசென்ஸ் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் விவசாயிகள் விவகாரம். பொழுதுபோக்குக் குதிரை நிற்கும் நிலத்துக்கு வாரிசு வரியில் விவசாயச் சலுகை எப்படியும் கிடைக்காது.

பயிற்சியாளருடைய குத்தகையில் சில விஷயங்களை வெளிப்படையாக எழுதுங்கள். அவர் போடும் வேலி கடைசியில் யாருடையது? சாணக் குவியல் எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை அகற்றுவது? திடலின் மணலை யார் நிரப்புவது? குதிரைகளைப் பார்த்துக்கொள்ள என்று கேரவன் நிறுத்தி இரவு தங்கக் கூடாது. பயிற்சிப் பள்ளிக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. அதையும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டையும் கையெழுத்துக்கு முன் கண்ணால் பாருங்கள். லாயத்தையும் திடலையும் வணிகத்துக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதி இருக்கிறதா என்று மன்றத்தின் திட்டப் பிரிவில் நீங்களே விசாரியுங்கள்; வீட்டை விற்றவர் சொந்தக் குதிரைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்திருக்கலாம்.

இருவரோடும் தனித்தனியாக வேலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உடைந்த கம்பம், ஒழுகும் கூரை, துருப்பிடித்த கேட் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். இவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டங்கள். ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.