விலை போகாத வீட்டை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கி, ரிப்பேர் பார்த்து விற்கலாம் என்று வைத்திருக்கிறேன். கிரயம் முடிந்து 14 மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். 20 லட்சம் கடனுக்கு 9% வட்டி ஓடுகிறது. ஒருவர் மாதம் 11,000 வாடகைக்குக் கேட்கிறார், இன்னொருவர் 6 லட்சம் போக்கியத்துக்கு. எதற்கு விடுவது?
- வாசகர், பர்கூர்

பதில்: வாடகைக்கே விடுங்கள். போக்கியத்தில் மாத வாடகை கிடையாது, மொத்தமாக வாங்கும் பணம்தான். அந்த 6 லட்சத்தையும் கடனில் கட்டினாலும் மாதம் மிச்சமாகும் வட்டி 4,500தான். விற்கும் நாளில் அத்தனையையும் திருப்ப வேண்டும். பணம் கைக்கு வராமல் போக்கியத்துக்கு இருப்பவர் சாவி தரமாட்டார். வீடு காலியாகாமல் வாங்குபவர் கிரயத்துக்கு வரமாட்டார். நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

வாடகையிலும் கையைக் கடிக்கும். வட்டியே மாதம் 15,000 ஆகிறது, அதில் 4,000 உங்கள் பையிலிருந்துதான் போகும். வீட்டுவரியும் அசலும் தனி. பூட்டி வைத்தால் 15,000மும் போகும்.

ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் போடுங்கள். வீடு உங்கள் கைக்கு வந்து அப்போது 25 மாதம் ஆகியிருக்கும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5% வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. முன்பே விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து 30% வரைகூடப் போகும். அதுவரை கிரயமும் வேண்டாம், வாங்குபவரிடம் சாவியும் வேண்டாம். வீடு வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அது வியாபார வருமானம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: வீடு பார்க்க ஆள் வந்தால் முன்கூட்டிச் சொல்லிக் காட்ட அனுமதி, விற்பனை முடிவானால் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்வது. வீட்டை விற்றதாலேயே குடியிருப்பவர் உரிமை போய்விடாது. வாங்குபவர் உங்கள் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 33,000, போதும். கடன் கொடுத்த வங்கியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நம் பக்கம் குடிவருபவர் முதலில் கேட்பது, 'ஒகேனக்கல் தண்ணி வருதா?' என்றுதான். நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு பயம் அப்படி. குழாய் இணைப்பு இல்லையென்றால் முதலில் அதற்கு மனு போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் விலை உயர்ந்த ஷவரும் கீசரும் இப்போது மாட்டாதீர்கள், உப்புப் படிந்து வீணாகும்.

டைல்ஸ், ஒயரிங், புதுக் கழிவறைக்கான பில்களைப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அடக்கவிலையில் சேர்க்கலாம். வெறும் பெயின்ட் செலவைச் சேர்ப்பது கஷ்டம். அதனால் அதை ஆள் காலி செய்த பிறகு அடித்துக்கொள்ளுங்கள்.