கில்பெக் கிராமத்துத் தேவாலயத்தில் அப்படி என்ன சிறப்பு?

சிற்பங்கள்தான். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷரில், வேல்ஸ் எல்லையருகே, சுமார் 1140-இல் நார்மன் பாணியில் கட்டிய சின்னக் கோயில் இது. அமைப்பு எளிமையானது: மக்கள் கூடும் கூடம், அப்புறம் பீடப்பகுதி, கடைசியில் அரைவட்ட அறை.

தெற்கு வாசலில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். தூணில் பின்னிக்கிடக்கும் கொடிகளுக்குள் போர்வீரர்கள். மேலே அரைவட்டக் கல்லில் ஜீவ விருட்சம். உள்ளூர்ச் செம்மணற்கல் கெட்டியானது. கிட்டத்தட்ட 900 வருட மழைக்குப் பிறகும் உளி வெட்டு அவ்வளவு தெளிவு!

கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் 80-க்கும் மேற்பட்ட செதுக்கிய தாங்குகற்கள். நாயும் முயலும் அருகருகே இருக்கும் கல்லைத் தவறவிடாதீர்கள். ஷீலா-நா-கிக் என்ற நிர்வாணப் பெண்ணுருவமும் அங்கேதான். அது வளமைச் சின்னமா, பாவத்துக்கு எச்சரிக்கையா என்று இன்றும் விவாதம் ஓயவில்லை. தேவாலயச் சுவரில் இருப்பதால் எச்சரிக்கை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.