கலாபகோஸ் போக ஆசையா? கப்பலைப் பிறகு பார்க்கலாம்

தூரத்து எரிமலைத் தீவுகளுக்குச் சின்னக் கப்பலில் போய் விலங்கு, பறவை பார்ப்பது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வந்திருக்கின்றன. ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே, தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகள் பற்றியவை. அதனால் இம்முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் எங்களைக் கலாபகோஸ் அனுப்ப நிற்கிறார்கள். மூன்று கப்பல்களின் படம் வந்திருக்கிறது. எதை எடுப்பது? (கல்லடி)

சேர், படங்களை ஒரு பக்கம் வையுங்கள். பகலில் நீங்கள் அறைக்குள் இருக்கப்போவதே இல்லை. பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது, அந்தக் கப்பல் எந்தெந்தத் தீவில், எந்தெந்த இடத்தில், என்ன திகதியில் நிற்கும் என்பதைத்தான்.

அங்கே நினைத்த இடத்தில் நங்கூரம் போட முடியாது. 1959இல் தேசியப் பூங்காவான இடம் அது. தரைப்பரப்பில் சுமார் 97 வீதம் பூங்காவுக்குள் இருக்கிறது. எந்தக் கப்பல் எங்கே போகலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம்தான் முடிவு செய்கிறது. ஒரு கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் மறுபடி போகக்கூடாது என்பது பொதுவான விதி. ஆகவே கப்பல்காரர்கள் இரண்டு வாரச் சுற்று ஒன்றை வைத்துக்கொண்டு, அதை 4, 5, 8 நாள் என்று துண்டு போட்டு விற்கிறார்கள். ஒரே கப்பலில், ஒரே விலைக்கு, இந்த வாரம் ஏறினால் மேற்குத் தீவுகள். அடுத்த வாரம் ஏறினால் கிழக்கு. கப்பலின் பெயரை மட்டும் பார்த்துக் காசு கட்டுகிறவர்கள், தாங்கள் பார்க்க நினைத்ததைப் பார்க்காமலே திரும்புவது இதனால்தான்.

மேற்கு என்றால் இசபெலாவின் மேற்குக் கரையும் பெர்னாண்டினாவும். ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிற கடல், மீன் அதிகம். அந்த மீனை நம்பி வாழும் பென்குயின்கள் பெரும்பாலும் அங்கேதான். பறப்பதையே விட்டுவிட்ட நீர்க்காகமும் அங்கே மட்டும்தான், உலகில் வேறெங்கும் கிடையாது. நம் வாவிக்கரையில் கம்பில் நின்று இறக்கையை விரித்துக் காயவிடும் நீர்க்காகத்தைத் தினம் பார்க்கிறோம். அதுவும் அப்படியேதான் நிற்கும், ஆனால் விரிக்கிற இறக்கை கிழிந்த துணித்துண்டு போல இத்தனூண்டு இருக்கும். தென்கிழக்கில் எஸ்பானியோலா: அல்பட்ரோஸ், நீலக்கால் பூபி என்ற கடற்பறவைகள். வடக்கே ஜெனோவேசா: செங்கால் பூபியும் கடற்பறவைக் கூட்டமும், ஆனால் போய்ச்சேர இரவு நெடுகத் திறந்த கடலில் ஓட வேண்டும்.

ஒரு தரம்தான் போகப்போகிறீர்கள் என்றால் மேற்குப் பாதையை எடுங்கள். 8 நாள் என்று அவர்கள் சொல்வது 7 இரவு. முதல் நாளிலும் கடைசி நாளிலும் பாதி விமானத்தோடு போய்விடும். அந்தக் கணக்கில் 4 நாள் பொதியில் உருப்படியாக மிஞ்சுவது இரண்டு நாள். அவ்வளவு தூரம் போய் அது வேண்டாம். கப்பலில் 16 பேர் அளவு போதும். ஒரு வழிகாட்டிக்கு 16 பேர் என்பது அங்கே விதி, ஆகவே எல்லோரும் ஒரே குழுவாக இறங்கி ஏறலாம். அதிகபட்சம் 100 பேர் ஏற்றுகிற கப்பல்களும் உண்டு. ஆட்டம் குறைவு. ஆனால் கரைக்கு இறங்க முறை பார்த்து நிற்க வேண்டும்.

கேள்வி: டிக்கெட்டைப் போட்டுவிடலாம், விசாவைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (கல்முனை)

வேண்டாம் தம்பி. வரிசை நேர்மாறு.

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஈக்குவடோர் விசா தேவை. அதைவிடப் பலர் மாட்டுவது இடைவழியில். ஆம்ஸ்டர்டாம், மட்ரிட் வழியாகப் போனால், விமான நிலையத்துக்கு வெளியே காலடி வைக்காவிட்டாலும் இலங்கையருக்கு ஷெங்கன் இடைத்தங்கல் விசா வேண்டும். கையில் செல்லுபடியான அமெரிக்க அல்லது கனேடிய விசா இருந்தால் அதில் விலக்கு உண்டு. அமெரிக்கா வழியாகப் போகிறவருக்கு, விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா வேண்டும். ஆகவே கப்பலில் இடத்தைப் பிடித்து வையுங்கள், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு காசு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், விசாக்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு விமானத்துக்குக் கட்டுங்கள். கப்பல் ஏறும் நாளுக்கு ஒன்றிரண்டு நாள் முந்தியே ஈக்குவடோரில் இறங்கிவிடுங்கள். தீவுகள் அங்கிருந்து இன்னும் சுமார் 1,000 கிலோமீற்றர். விமானம் பிந்தியது என்று கப்பல் காத்திருக்காது. தலைநகர் கீட்டோ 2,850 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், மெதுவாக நடவுங்கள்.

அப்புறம், யாரும் சொல்லாத ஒன்று. ஈக்குவடோர் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போது இலங்கை அந்தத் தடுப்பூசி அட்டையைக் கேட்கும். அதாவது வீட்டுக்கு வருவதற்கு அது வேண்டும். பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

காசு விசயம்: பூங்காக் கட்டணம் 2024 ஓகஸ்டில் 100 டொலரிலிருந்து 200 ஆனது, 12 வயதுக்கு உட்பட்டவருக்கு 100. இதுபோக தீவுக்குப் போகும் அனுமதி அட்டைக்கு 20 டொலர். 2000ஆம் ஆண்டிலிருந்து ஈக்குவடோரின் நாணயமே அமெரிக்க டொலர்தான், மாற்றும் வேலை இல்லை. சின்னத் தாள்களாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை. எங்கள் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் எங்களுக்கு சீசன், லீவு கிடைக்காது. அங்கே எந்த மாதம் நல்லது?

உங்களுக்கு அதிர்ஷ்டம். நமக்கு வாடைக்காற்று முடிகிற நேரமும் அங்கே கடல் அடங்குகிற நேரமும் ஒத்துவருகின்றன. ஜனவரியிலிருந்து மே வரை அங்கே வெப்பக்காலம்: அவ்வப்போது மழை, அமைதியான கடல், நீருக்குள் இறங்கினால் உடம்பு நடுங்காது. ஜூனிலிருந்து நவம்பர் வரை தெற்கேயிருந்து குளிர் நீரோட்டம். தூவானமும் மூடுபனியும். ஓகஸ்ட், செப்டெம்பரில் அலையும் கூடுதல். தண்ணீர் 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும், பாசிக்குடாத் தண்ணீரில் பழகிய உடம்புக்கு அது ஐஸ்தான். ஆனால் குளிர்நீரில்தான் உணவு அதிகம், விலங்குகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அப்போதுதான். வடகோடியில் டார்வின், வுல்ப் தீவுகளருகே திமிங்கிலச் சுறா வருவதும் ஜூன் முதல் நவம்பர் வரை. அது ஆழ்கடல் சுழியோடிகளுக்கான வேறு கப்பல், வேறு விலை.

பெப்ரவரி, மார்ச்சில் லீவு எடுக்க முடிந்தால் எடுங்கள். முதலாளி மனம் இளகினால் ஏப்ரல் கடைசி இன்னும் நல்லது. அல்பட்ரோஸ் எஸ்பானியோலாவுக்கு ஏப்ரலில் திரும்பி வந்து டிசம்பர் வரை இருக்கும், கடலும் இன்னும் குழம்பியிருக்காது.

கேள்வி: வாப்பாவோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போனவன். எனக்கும் கடல் மயக்கம் வருமா? (வாழைச்சேனை)

வரலாம். இயந்திரப் படகில் அணியத்தில் நின்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு போவது ஒன்று. மூடிய அறையில், இருட்டில், படுத்துக்கொண்டு பசிபிக்கின் நீண்ட அலையில் ஆடுவது வேறொன்று. தீவு விட்டுத் தீவு போவது பெரும்பாலும் இரவில்தான். நடுக்கப்பலில், கீழ்த்தட்டு அறையைக் கேளுங்கள். மேல்தட்டு அறைக்குக் கூடக் காசு வாங்குவார்கள், ஆட்டமும் அங்கேதான் கூட. இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகைக் கப்பல் பக்கவாட்டில் குறைவாகச் சாயும். மாத்திரையைச் சத்தி வந்த பிறகு போட்டு என்ன பயன்? கப்பல் கிளம்புமுன் போட வேண்டும். எது உங்களுக்குச் சரி என்பதை இங்கேயே டொக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு தரம் போட்டுப் பாருங்கள். சில மாத்திரைகளில் தூக்கம் அடித்துப்போடும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். கூட்டிப் போகலாமா? (மட்டக்களப்பு நகர்)

நடப்பதை விட இறங்குவதுதான் கேள்வி, தங்கச்சி. கப்பல் கரைக்கு வராது. பங்கா என்று சொல்லும் ரப்பர் படகு ஒன்றில் எட்டுப் பத்துப் பேராக ஏற்றிக்கொண்டு போவார்கள். படகோட்டி கையை நீட்டும்போது விரலைப் பிடிக்கக்கூடாது. அவர் உங்கள் முழங்கைக்குக் கீழே பிடிப்பார், நீங்கள் அவருடையதை அதே இடத்தில் பிடிக்க வேண்டும். அலை படகைத் தூக்கும் நேரம் பார்த்து அவர் சொல்லும்போது ஓரடி. அவ்வளவுதான். கரையில் இரண்டு வகை: ஒன்று மணலில், முழங்கால் அளவு தண்ணீருக்குள் படகின் ரப்பர் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே போட்டு நழுவி இறங்குவது. மற்றது ஈரமான எரிமலைப் பாறையில் நேரே கால் வைப்பது. அம்மாவுக்கு முதலாவதுதான் சுகம், கேட்கப் பயமாக இருந்தாலும்.

பார்த்தலோமே தீவில் உச்சிக்குப் போக முந்நூறுக்கு மேல் மரப்படி. எஸ்பானியோலாவில் அல்பட்ரோஸ் பார்க்கும் பாதை முழுக்க உருண்டைக் கற்கள். அந்த இரண்டு இடத்திலும் அம்மா பங்காவில் கரையோரமாகச் சுற்றி வரலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலத்தில் இராட்சத ஆமை பார்ப்பது பெரும்பாலும் சமதரையில் நடை, அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. ஊன்றுகோல் ஒன்று வாங்கி, நுனிக்கு ரப்பர் மாட்டிக் கொடுங்கள்.

கேள்வி: ஹலால் சாப்பாடு? (காத்தான்குடி)

ஹலால் இறைச்சியை எதிர்பார்க்க வேண்டாம். மீனும் மரக்கறியும் தாராளம். காசு கட்டும்போதே எழுதிக் கொடுங்கள், நீங்கள் தீவுக்கு வருமுன் சமையற்காரர் சாமான் ஏற்றிவிடுவார். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் முட்டையும் சோறும்தான். பன்றி சமைக்கிற சட்டியில் உங்களுக்குப் பொரிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவர்களுக்குத் தானாகத் தோன்றாது.

கேள்வி: நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். அங்கே இகுவானாவைத் தொடலாமா? (அக்கரைப்பற்று)

தொடக்கூடாது மகள். எந்த மிருகத்துக்கும் 2 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் அவை மனிதரைக் கண்டு ஓடாது, அதுதான் வேடிக்கை. கடற்சிங்கக் குட்டி தானாக உன் செருப்பை மணந்து பார்க்க வரும், நீ அசையாமல் நின்றால் போதும். கடல் இகுவானா தண்ணீருக்குள் போய்ப் பாசி மேய்கிற பல்லியினம், உலகில் அது ஒன்றே. மேயும்போது உள்ளே போன உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளும். அந்த உப்பு தலையிலேயே விழுந்து காய்ந்து வெள்ளையாகக் கிடக்கும். பக்கத்தில் நின்றால் உனக்கும் கொஞ்சம் தெறிக்கும்!

கேள்வி: எரிமலை வெடித்தால்? (திருக்கோவில்)

வெடிக்கும்தான். இசபெலா தீவிலுள்ள வுல்ப் எரிமலை 2022 ஜனவரியிலும், பெர்னாண்டினா 2024 மார்ச்சிலும் குழம்பு கக்கின. கிழக்கேயுள்ள தீவுகள் பழையவை, மேற்கே போகப் போக இளசு. தீவுகளைச் சுமக்கும் நிலத்தட்டு கிழக்கே நகர்கிறது, அடியிலிருக்கும் வெப்ப ஊற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. இங்கே பெரும்பாலும் குழம்பு வழிந்து ஓடும் வகை. ஆட்களும் அந்தச் சரிவுகளில் குடியில்லை. பூங்கா அந்த இடத்தை மூடும், கப்பல் வேறிடம் போகும். இரவில் கடலிலிருந்து அதைப் பார்க்கக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கேள்வி: ஊறுகாய், மாசிச் சம்பல், கச்சான் கொண்டுபோகலாமா? (களுவாஞ்சிக்குடி)

பழம், விதை, பச்சை மரக்கறி, மண் ஒட்டிய எதுவும் கூடாது. பொதியைப் பிரித்துப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து வந்த ஆடும் எலியும் செடியும் அந்தத் தீவுகளை எவ்வளவு நாசமாக்கின என்பது பெரிய கதை, ஆகவே இதில் கோபப்பட நியாயமில்லை. சப்பாத்தின் அடியைக் கழுவிக்கொண்டு போங்கள். கச்சானை விமானத்திலேயே சாப்பிட்டு முடியுங்கள். சம்பலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், பிடுங்கி எறிந்தால் மனம் நோகும்.

கேள்வி: இவ்வளவு காசு எங்களிடம் இல்லை. வேறு வழி? (பொத்துவில்)

இரண்டு இருக்கிறது. ஒன்று, கப்பலை விட்டுவிட்டு சாந்தா குரூஸ் தீவின் புவேர்ட்டோ அயோரா ஊரில் அறை எடுத்துத் தங்கி, பகல் படகுகளில் போய்வருவது. பெர்னாண்டினா போன்ற தூரத் தீவுகள் கிடைக்காது, ஆனால் செலவு வெகுவாகக் குறையும். அந்த ஊரின் சின்ன மீன்சந்தையில் மீன் வெட்டுகிற பெண்ணின் இடுப்போரமாக ஒரு கடற்சிங்கமும், மேசைக்கு மேலே கூழைக்கடாக்களும் காத்து நிற்கும். அதைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.

மற்றது விசாவே வேண்டாதது. உங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே, இங்கினியாகலையில், சேனநாயக்க சமுத்திரத்தில் படகெடுத்து கல்லோயா தேசியப் பூங்காவைப் பார்ப்பது. எரிமலை இல்லை, ஆனால் தண்ணீருக்கு நடுவே தீவுகள் உண்டு. தீவு விட்டுத் தீவுக்கு யானை நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் மேலே தெரியும். மார்ச்சிலிருந்து ஜூலை வரை நல்ல காலம். படகுக்கு முந்திய நாளே சொல்லி வையுங்கள், யானை நீந்தும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், படம் எடுக்கவென்று கிட்டப் போகக் கேட்காதீர்கள்.