பழைய இஸ்திரிப் பெட்டியின் ஓவியம் சமூகத்தைப் பற்றி எதைச் சொல்ல முடியும்?

அன்றாடப் பழம்பொருள் ஒன்றின் ஓவியத்தில் சமூகப் பொருளைக் காண்பது, பார்ப்பவர் தம் கற்பனையை அதன்மேல் ஏற்றுவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பல நேரங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கற்பனையையும் வாசிப்பையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு: நாம் சொல்லும் கருத்தைத் தாங்குவதற்குத் தாளில் ஒரு கோடாவது இருக்க வேண்டும். ‘உழைப்பின் சின்னம்’ போன்ற தொடர்கள் எந்தப் பழைய கருவிக்கும் பொருந்திவிடுவதால் அவற்றை நான் நம்புவதில்லை.

என்னிடம் உள்ள ஒரு பென்சில் ஓவியத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது உள்ளே கரி போடும் பெட்டி அன்று; அடுப்பின்மேல் வைத்துச் சூடேற்றும் கெட்டியான வார்ப்பிரும்பு வகை. கைப்பிடியும் இரும்பாலானது, அதன்மேல் ஒரு துணி சுற்றப்பட்டிருக்கிறது. அடிப்பாகத்தை நான்கைந்து கோடுகளில் முடித்துவிட்ட ஓவியர், அத்துணியின் மடிப்புகளிலும் கருகிய ஓரத்திலும்தான் நிதானம் காட்டியிருக்கிறார். துணி தேய்த்தவரின் கை சுட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்ற பெண் 1871இல், கழற்றி மாட்டக்கூடிய மரக்கைப்பிடி கொண்ட இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அடிப்பாகத்தைக் கொண்டு தேய்க்கும்போதே மற்ற அடிப்பாகங்கள் அடுப்பில் சூடேறிக்கொண்டிருக்கும், கைப்பிடி மட்டும் அடுப்பருகே போகாது. (இந்தச் சிரமத்துக்கு ஒரு பெண் வழி கண்டதில் எனக்கு வியப்பில்லை, தேய்க்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது.) அந்த வசதி இந்த ஓவியத்தில் இல்லை. அது வருவதற்கு முந்தைய பெட்டியா, அல்லது வந்த பின்னும் வாங்கித் தரப்படாத பெட்டியா என்பதைக் கோடுகளால் சொல்ல முடியாது. ‘இது ஏழை வீட்டுப் பொருள்’ என்று முடிவு கட்டுவதும் எல்லை மீறல்தான், ஏனெனில் தேய்த்தவரும் அந்த உடையை உடுத்தியவரும் வெவ்வேறு வீட்டாராக இருந்திருக்கலாம்.

பயன்படுத்தியவரைப் பற்றி இவ்வளவு கேட்கும் நாம், வரையச் சொன்னவரைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதில்லை. சமூகப் பொருள் அங்கேதான் அதிகம் கிடைக்கிறது என்பது என் கருத்து. 1935 முதல் 1942 வரை, பெருமந்தம் எனப்படும் பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்த ஓவியர்களுக்கு ஊதியம் கொடுத்து, பழைய பொம்மைகள், பானைகள், பூட்டுகள், மெத்தை விரிப்புகள் முதலியவற்றை வரையச் செய்தது அமெரிக்க அரசு. ‘இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்’ எனப்படும் அத்தொகுப்பில் ஏறத்தாழ 18,000 படங்கள் உள்ளன. பெரும்பாலும் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்ட அப்படங்களில் துருவும் கீறலும் தேய்மானமும் வியப்பூட்டும் துல்லியத்துடன் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பொருள் பெரும்பாலும் வெற்றுத் தாளில் தனியாக நிற்கிறது. அதைப் பிடித்த கையோ, அது இருந்த அறையோ காணப்படுவதில்லை. இப்படித் தனித்து நிற்கும்போது, செய்தவரும் பயன்படுத்தியவரும் மறைந்து, வீட்டுச் சாமான் ஒரு நாட்டின் மரபுச் செல்வமாக உயர்ந்துவிடுகிறது. அந்நாட்டின் பூர்வகுடி மக்கள் செய்த பொருள்களைத் திட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இதை எந்த ஒரு படத்தை உற்றுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. எவை வரையப்பட்டன என்ற பட்டியலையும் எவை விடப்பட்டன என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.