‘ஹாரிபிள்’ ஒன்றை வைத்தே காலம் தள்ளலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: செய்தி மொழிபெயர்க்கும்போது ‘கொடூரமான’ என்று வந்தாலே எனக்கு ‘ஹாரிபிள்’தான் கைக்கு வருகிறது. க்ரூசம், கிரிஸ்லி, காஸ்ட்லி எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. க்ரூசம், கிரிஸ்லி இரண்டிலும் உடல் இருக்க வேண்டும். ரத்தம், வெட்டு, சிதைவு. கொலை நடந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்த போலீஸ்காரர் எதைச் சொல்லத் தயங்குகிறாரோ அதற்குத்தான் இவை, வங்கி மோசடிக்குப் போய் க்ரூசம் என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார். மோசடிக்கு ‘அப்பாலிங்’ போடுங்கள். பழைய பிரெஞ்சில் வெளிறிப்போவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது, அதனால் கேட்டவுடன் முகம் வெளுத்துப்போகிற அளவுக்கு மோசமான எதற்கும், பள்ளிக்கூடக் கழிப்பறையோ நிவாரண முகாமின் நிலைமையோ, தாராளமாகப் பொருந்தும்.

காஸ்ட்லி கொஞ்சம் வம்பு பிடித்தது. (விலை அதிகம் என்கிற காஸ்ட்லி அல்ல, இது ‘ஜி’யில் தொடங்குவது, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலையெழுத்து.) பயங்கரமான விபத்துக்கும் அது வரும், காய்ச்சலில் பிணக்களை தட்டிய முகத்துக்கும் வரும், போதாததற்கு ஆங்கிலேயர்கள் தங்களுக்குப் பிடிக்காத திரைச்சீலையைக்கூட அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே கொலைச் செய்தியில் அதைத் தவிர்ப்பது நல்லது, எங்கேயாவது விளையாட்டாகத் தொனித்துவிடும்.

கிரிஸ்லி எழுதும்போது எழுத்துக் கூட்டலைப் பாருங்கள். ஒரு ‘எஸ்’ போட்டால் கோரம், இரண்டு ‘இசட்’ போட்டால் வட அமெரிக்கக் கரடி. உச்சரிப்பு இரண்டுக்கும் ஒன்றே. கரடியின் பெயர் உண்மையில் நரை கலந்த அதன் முடியால் வந்தது, ஆனால் 1815இல் ஜார்ஜ் ஆர்ட் என்ற விலங்கியலாளர் அதற்கு ‘ஹாரிபிலிஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார், பாவம் கரடி.

கேள்வி: ‘ஹீனியஸ் க்ரைம்’ என்று டிவியில் சொல்கிறார்களே, சரியா?

உச்சரிப்பு ‘ஹேனஸ்’. நடுவில் ‘இய’ கிடையாது. வெறுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, மனசாட்சி பதறும் குற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலைக் குழி ஹேனஸ் ஆகாது, அதை வெட்டிவிட்டு மூடாமல் போன ஒப்பந்ததாரரைக்கூட அப்படிச் சொல்ல முடியாது, கோபம் வந்தாலும்.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்குச் சட்ட எடையும் உண்டு என்பதால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுச் சிறையோ அதற்கு மேலோ உள்ள குற்றங்கள் ‘ஹேனஸ்’ வகையில் வருகின்றன. 16 வயது நிறைந்த சிறுவன் அப்படியொரு குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. எனவே சிறார் வழக்குச் செய்தியில் இந்தச் சொல்லைப் பரபரப்புக்காகத் தூவினால் வாசகருக்குத் தப்பான தகவல் போய்விடும்.

‘அட்ரோஷஸ்’ இவ்வளவு கறார் இல்லை. படுகொலைக்கும் வரும், மோசமான கையெழுத்துக்கும் வரும். ஆனால் அதன் பெயர்ச்சொல்லான ‘அட்ராசிட்டி’ இங்கே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதை நடிகரின் நடிப்பைக் கிண்டல் செய்ய எடுப்பது எனக்கு உறுத்தும்.

கேள்வி: ‘ரிபக்னன்ட்’ என்றால் அருவருப்பான என்று அகராதி சொல்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தில் இந்தச் சொல் என்ன செய்கிறது?

எதிர்த்து நிற்கிறது! லத்தீனில் அதன் பொருளே எதிர்த்துப் போரிடுவதுதான், அருவருப்பு பின்னால் வந்தது. சட்டக்காரர்கள் பழைய பொருளை விடவில்லை. 254ஆவது பிரிவைப் பாருங்கள்: பொதுப் பட்டியலில், அதாவது மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியலில், உள்ள விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்துக்கு ‘ரிபக்னன்ட்’ ஆக இருந்தால், அந்த முரண் உள்ள அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தால் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அந்த ஒப்புதலோடுதான் நின்றது, 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்போது ஆங்கில விவாதங்களில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, நம் சட்டத்தையே அருவருப்பானது என்கிறார்களா என்று கொதித்திருந்தால், கோபம் வீண்.

அன்றாடப் பேச்சில் ரிபக்னன்ட் ஒரு கருத்தையோ நடத்தையையோ பற்றியது. சாதி பார்த்து வீடு தர மறுப்பது ரிபக்னன்ட். ஊசிப்போன சாம்பார் ‘ரிவோல்ட்டிங்’, அங்கே குமட்டுவது வயிறு.

கேள்வி: டெரிபிள் மோசம், டெரிஃபிக் பிரமாதம். ஏன் இப்படி?

இரண்டும் முதலில் பயத்தைத்தான் குறித்தன. ஒன்று ‘பயங்கரமா இருக்கு’ என்று நாம் பாராட்டுகிற வழியில் போய்விட்டது, அவ்வளவுதான்.

கேள்வி: ‘வெரி டிஸ்கஸ்டிங்’ என்று எழுதலாமா?

அதை எழுதலாம், யாரும் அடிக்க வர மாட்டார்கள். ஆனால் ஹாரிஃபிக், அப்பாலிங் முன்னால் ‘வெரி’ ஒட்டாது, உச்சத்தில் இருப்பதை மேலும் உயர்த்த முடியாதல்லவா, ‘அப்சலூட்லி’ போடுங்கள். அதைவிட முக்கியம், உங்களுக்கு அருவருப்பாக இருந்தால் ‘ஐ ஆம் டிஸ்கஸ்டட்’. ‘ஐ ஆம் டிஸ்கஸ்டிங்’ என்று முடித்தால் நீங்களே அருவருப்பானவர் என்றாகிவிடும், எதிரில் இருப்பவர் மரியாதைக்கு மறுத்துப் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: ‘நாய்சம்’ என்றால் சத்தமானதா?

சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றத்துக்கு வரும் சொல் அது. கூவம் கரையில் வாகனங்கள் எழுப்பும் சத்தம் ‘நாய்ஸி’, கூவம் ‘நாய்சம்’.