வேங்கை மர நிலையில் கீல் மாட்டும்போது ஸ்க்ரூ பாதியிலேயே நின்று தலை தேய்ந்துவிடுகிறது, என்ன செய்வது?

முதலில் ட்ரில்லால் ஓட்டை போட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆணியால் ஒரு குத்து குத்திவிட்டு நேராக முறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பஞ்சு மாதிரி மரத்தில் அது போகும், வேங்கையில் போகாது.

ஸ்க்ரூவின் நடுத்தண்டுக்கு இடம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள மரை மட்டும்தான் மரத்தைக் கடிக்க வேண்டும். தண்டுக்கு இடம் இல்லாவிட்டால் மரம் விலகிக் கொடுக்கப் பார்க்கும், முடியாதபோது ஒன்று மரம் பிளக்கும், இல்லை ஸ்க்ரூ தலை போகும். எங்கள் பாட்டி வீட்டுக் கதவில் இப்படி ஒரு ஸ்க்ரூ உள்ளேயே முறிந்து, அதை எடுக்க ஆசாரி சுற்றிலும் மரத்தைக் குடைய வேண்டியிருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த நிலையைப் பார்த்தால் மனசு வலிக்கும்.

கீலுக்குப் பெரும்பாலும் 8 நம்பர் ஸ்க்ரூதான் போடுவார்கள் (35×8 என்றால் 35 மி.மீ. நீளம், 8 நம்பர் பருமன்). அதற்கு வேங்கை, தேக்கு மாதிரி மரத்தில் 3 மி.மீ. பிட், லேசான மரத்தில் 2.5 போதும். அளவு சந்தேகமாக இருந்தால் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தண்டு மறைந்து, இரண்டு பக்கமும் மரை மட்டும் எட்டிப் பார்த்தால் சரியான பிட். ஆழம் தெரிய பிட்டில் ஸ்க்ரூ நீளத்துக்கு டேப் சுற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் மெழுகுவத்தியில் மரையை நன்றாகத் தேய்த்துவிட்டு முறுக்குங்கள், கைக்கே வித்தியாசம் தெரியும். சிலர் சோப்பு தேய்ப்பார்கள், அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், வேண்டாம். நட்சத்திரத் தலைக்கு 2 நம்பர் ஸ்க்ரூட்ரைவர் பிட்தான் சரியாக உட்காரும். சின்னதைப் போட்டுச் சுற்றினால் வழுக்கி வழுக்கியே தலை போய்விடும். மெஷினில் கடைசிவரை ஓட்டாதீர்கள், கடைசி இரண்டு மூன்று சுற்றை உடம்பு பாரத்தை நேராகக் கொடுத்துக் கையால் முறுக்குங்கள்.

பித்தளை ஸ்க்ரூ என்றால் இன்னும் கவனம், அது சட்டென்று முறிந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முறுக்கி மரை வழி போட்டுவிட்டு, கழற்றி, பித்தளையை ஏற்றுங்கள்.

ஏற்கெனவே பெரிதாகிப்போன ஓட்டை இருந்தால், தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஃபெவிகாலில் தோய்த்து இறுக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, வெளியே நிற்பதை மட்டமாக வெட்டிவிட்டு மறுபடி துளையிடலாம். கனமான கதவாக இருந்தால் தீக்குச்சி தாங்காது, தேக்குத் துண்டில் ஆப்பு செதுக்கி அடித்துவிடுங்கள்.